மருந்து சுமந்த சைக்கிள்கள்

பெங்களூர் சைக்கிள் சங்கங்கள் செய்யும் தொண்டு

சைக்கிள் சங்கம் என்றால் நம்மவர்களில் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. வசதி படைத்தவர்கள் இறுக்கமான உடுப்பும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரைச் சுற்றிவிட்டு, ஓட்டலில் தோசை சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பும் கூட்டம் என்பதே அது.

அந்த எண்ணத்தில் பாதி உண்மை இல்லாமல் இல்லை. மறுபாதியைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் 2020-ம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு மார்ச் மாதம் 25-ந் தேதி கொரோனாவுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு அமுலுக்கு வந்தது. பஸ் இல்லை. ரெயில் இல்லை. ஆட்டோவும் இல்லை. எப்போதும் இரைச்சலாக இருக்கும் பெங்களூர் வீதிகள் வெறிச்சோடிக் கிடந்தன.

பெங்களூருக்குப் பென்சன்காரர்களின் சொர்க்கம் என்று ஒரு பெயர் உண்டு. ஓய்வு பெற்றவர்கள் இங்கே அதிகம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். வீட்டில் கிழவரும் கிழவியும் மட்டும் இருப்பார்கள். அப்படிப்பட்ட வீடுகளில் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோனால் என்ன செய்வது? வயதானவர்கள் வெளியே வரக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வாங்கி வர ஆள் இல்லை. அக்கம்பக்கத்தாரும் கதவைத் திறக்கப் பயந்த காலம் அது.

அந்த வீடுகளின் வாசலில் சைக்கிள் மணி ஒலித்தது.

சைக்கிளில் வந்த தொண்டர்கள்

"ரிலீப் ரைடர்ஸ்" என்பது அந்தத் தொண்டர் படையின் பெயர். பெங்களூரில் சைக்கிள் ஓட்டிகளை ஒன்று சேர்த்து இதைத் தொடங்கியவர் சத்யா சங்கரன். இவரைப் பெங்களூரின் "சைக்கிள் மேயர்" என்று சொல்வார்கள். மேயர் என்றதும் அங்கியும் கழுத்துச் சங்கிலியும் நினைவுக்கு வரும். இவருக்கு அதெல்லாம் கிடையாது, சம்பளமும் கிடையாது. சைக்கிளுக்குப் பெயர்போன ஆலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள ஓர் அமைப்பு, உலகின் பல ஊர்களில் சைக்கிளுக்காகப் பாடுபடுகிறவர்களுக்குக் கொடுக்கும் கவுரவப் பட்டம் அது.

வேலை நடந்த விதம் எளிமையானது. உதவி வேண்டியவர் தகவல் கொடுக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் இருக்கும் தொண்டருக்கு அது தெரிவிக்கப்படும். அவர் முகக்கவசம் அணிந்து, மருந்தோ மளிகையோ வாங்கி, சைக்கிளில் கொண்டுபோய் வாசலில் கொடுத்துவிட்டு வருவார். கொண்டு வந்ததற்குக் கூலி இல்லை.

மோட்டார் சைக்கிளில் போயிருக்கலாமே என்று கேட்கலாம். ஆனால், சைக்கிளுக்குப் பெட்ரோல் பங்க் திறந்திருக்க வேண்டியதில்லை. தெருவின் குறுக்கே தடுப்பு வைத்திருந்தால் தூக்கிக்கொண்டு தாண்டலாம். அதோடு, சைக்கிள் சங்கத்தார் ஊரைச் சந்து சந்தாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள். எந்த வட்டாரத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலும் அவர்கள் கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சவாரிக்காகப் போட்டு வைத்த பட்டியல், ஊருக்கு ஆபத்து வந்தபோது பயன்பட்டது.

2021-ல் இரண்டாவது அலை வந்தபோது நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. அப்போது இந்தத் தொண்டு பம்பாய், ஐதராபாத் முதலிய ஊர்களுக்கும் பரவியது.

அதே சமயத்தில் இன்னொரு சைக்கிள்

ஊரடங்குக் காலத்தில் நாட்டின் சாலைகளில் வேறு வகையான சைக்கிள்களும் ஓடின. அவற்றை ஓட்டியவர்களுக்குச் சங்கமும் இல்லை, தலைக்கவசமும் இல்லை.

வெளி மாநிலத்துக்குப் பிழைக்கப் போய், வேலை நின்று, வாடகை கொடுக்க வழியில்லாமல், ஊருக்குப் போக ரெயிலும் இல்லாமல் தவித்த தொழிலாளிகள் கையிலிருந்த கடைசிப் பணத்தில் பழைய சைக்கிள் வாங்கிக் கிளம்பினார்கள். பீகார் மாநிலம் தர்பங்கா பகுதியைச் சேர்ந்த ஜோதிகுமாரி என்ற 15 வயதுச் சிறுமி, காயம்பட்டு நடக்க முடியாமல் இருந்த தந்தையைப் பின்னால் உட்கார வைத்து, டெல்லிக்குப் பக்கத்தில் உள்ள குர்கானில் இருந்து சொந்த ஊர் வரை சைக்கிளை மிதித்தாள். தூரம் சுமார் 1,200 கிலோமீட்டர். 2020 மே மாதம் நடந்தது இது. சைக்கிள் பந்தய சம்மேளனம் அவளைத் தேர்வுக்கு அழைத்தது. 2021-ல் அவளுக்குக் குழந்தைகளுக்கான தேசிய விருதும் கிடைத்தது. அதே ஆண்டு தந்தை காலமாகிவிட்டார்.

அவளை எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு சிறுமி அப்படி மிதிக்க வேண்டிய நிலைமை ஏன் வந்தது என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

மருந்து கொண்டுபோன சைக்கிளும், தந்தையைச் சுமந்த சைக்கிளும் ஒரே காலத்தில்தான் ஓடின. ஓட்டியவர்கள்தான் வேறு. சைக்கிள் சங்கங்களைப் பற்றி எதைப் பேசினாலும் இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுப் பேச முடியாது.

ஆலைச் சங்கும் சைக்கிள் வரிசையும்

பெங்களூரில் சைக்கிள் ஒரு காலத்தில் நம்முடைய வண்டி.

எச்.ஏ.எல். 1940-ல் வந்தது. ஐ.டி.ஐ. 1948-ல் வந்தது. அதன் பிறகு எச்.எம்.டி., பி.இ.எல். என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. தர்மபுரி, சேலம், வட ஆற்காடு பக்கங்களிலிருந்து வந்த தமிழர்கள் ஏராளமானவர்கள் இவற்றிலும், பின்னி மில் போன்ற ஆலைகளிலும் உழைத்தார்கள். அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம், ஓகளிபுரம் என்று குடியிருந்தவர்கள் காலை ஷிப்டுக்குச் சைக்கிளில்தான் போனார்கள். காரியரில் சாப்பாட்டு டப்பா, ஹேண்டில்பாரில் துணிப்பை. சங்கு ஊதி கேட் திறந்தால் சாலை முழுவதும் சைக்கிள்தான் தெரியும்.

இரவில் விளக்கு இல்லாமல் போனாலும், பின்னால் ஆள் ஏற்றி "டபுள்ஸ்" போனாலும் போலீஸ்காரர் பிடித்து டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்ற பயம் இருந்தது. அதற்காகவே டைனமோ வைத்தார்கள். மேடு ஏறும்போது டைனமோ சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். அதை எடுத்துவிட்டுப் போனால் போலீஸ்காரர் பிடிப்பார். அந்தச் சங்கடம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்!

பிறகு மொபெட் வந்தது. ஸ்கூட்டர் வந்தது. கடன் கொடுக்கும் கம்பெனிகள் வந்தன. பெங்களூரில் பதிவான மோட்டார் வாகனங்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. சைக்கிள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது.

ஆனால், மறைந்துவிடவில்லை. 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி நாட்டில் 100-க்கு 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் சுமார் 2 கோடியே 60 லட்சம் பேர் என்று அதே கணக்கு சொல்கிறது. காவல்காரர், கட்டட வேலை செய்கிறவர், பால் போடுகிறவர், பேப்பர் போடுகிற பையன், ஓட்டல் தொழிலாளி ஆகியோர் அந்தக் கணக்கில் வருகிறவர்கள். இவர்களில் யாரும் சைக்கிள் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதாகத் தெரியவில்லை. தாங்கள் "சைக்கிளிஸ்ட்" என்று அழைக்கப்படலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சவாரி

இனி சங்கத்தின் உள்ளே போய்ப் பார்ப்போம்.

பெரும்பாலான சங்கங்களுக்குக் கட்டடமோ பலகையோ கிடையாது. செல்போனில் ஒரு குழு இருக்கும். சனிக்கிழமை இரவு தகவல் வரும். எந்த இடத்தில் கூட வேண்டும், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம், திரும்பும் நேரம் என்ன என்று அதில் இருக்கும். காலை 5½ மணிக்குக் கூடுவார்கள். தலைகளை எண்ணுவார்கள். முன்னால் வழிகாட்டி ஒருவர் போவார். கடைசியில் ஒருவர் வருவார். கடைசியில் வருகிறவர்தான் முக்கியமானவர். எவ்வளவு மெதுவாகப் போகிறவராக இருந்தாலும், அவருக்குப் பின்னால் யாரும் விடுபட்டுவிடக் கூடாது. பங்சர் ஆனவருக்கு நின்று உதவுவதும் அவர் பொறுப்பே.

முன்னால் போகிறவர் பள்ளம் கண்டால் கையைக் கீழே காட்டுவார். பின்னால் வருகிறவர் அதைப் பார்த்துத் தனக்குப் பின்னால் வருகிறவருக்குக் காட்டுவார். நிற்கப் போவதற்கு ஒரு சைகை. திரும்பப் போவதற்கு ஒரு சைகை. இருபது பேர் போனாலும் வாய் திறக்காமல் செய்தி கடைசி வரைக்கும் போய்விடும்.

தேவனஹள்ளி, நந்தி மலை, ஓசூர்ச் சாலை என்று பல திசைகள் உண்டு. நந்தி மலை நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர் உயரம். பெங்களூரே 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது என்பதால் இது பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். கடைசி மேட்டில் மிதிக்கும்போது அந்த எண்ணம் மாறிவிடும்! திரும்பும் வழியில் தர்ஷினி ஓட்டலில் இட்லி, காப்பி. ஏறிய களைப்பில் அந்த இட்லிக்கு உள்ள ருசியே தனி.

போட்டி இல்லாத பந்தயம்

சங்கங்களில் "பிரெவே" என்று ஒரு சொல் அடிபடும். பிரெஞ்சு மொழியில் சான்றிதழ் என்று பொருள். நீண்ட தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் முடித்தால் சான்று கிடைக்கும். 1904-ல் ஏற்பட்ட பாரிஸ் சங்கம் ஒன்று வகுத்த விதிகள்தான் இன்றும் உலகம் முழுவதும் நடைமுறையில் உள்ளன.

200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்தில் முடிக்க வேண்டும். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போய்த் திரும்புவதை விடச் சற்று அதிகமான தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். 300 கிலோமீட்டருக்கு 20 மணி. 400-க்கு 27 மணி. 600-க்கு 40 மணி. வழியில் குறித்த இடங்களில் வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி வாங்க வேண்டும். பழுது வந்தால் தாமே சரிசெய்துகொள்ள வேண்டும்.

இதில் முதல் பரிசு கிடையாது. கடைசி என்பதும் கிடையாது. முதலில் வந்தவருக்கும், நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது வந்தவருக்கும் ஒரே சான்றிதழ். பிரான்ஸ் நாட்டில் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை 1,200 கிலோமீட்டர் தூரத்துக்கு இப்படி ஒரு சவாரி நடக்கிறது. 90 மணி நேரம் கெடு. 2019-லும் 2023-லும் இந்தியர்கள் ஏராளமானவர்கள் அங்கே போய் ஓட்டினார்கள்.

டிசம்பர் மாதத்தில் நீலகிரிச் சுற்றுச் சவாரி என்று ஒன்று 2008-ல் தொடங்கியது. அதையும் பெங்களூர்க்காரர்களே ஏற்படுத்தினார்கள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போதே தலை சுற்றும் பாதை அது.

கோடு போட்ட பாதை எங்கே?

சவாரி போவது அவரவர் விருப்பம். ஊருக்கு அதனால் என்ன லாபம்? இந்தக் கேள்விக்குச் சங்கங்கள் கொடுக்கும் பதில், "பாதை கேட்கிறோம்" என்பது.

2013-ல் பெங்களூரில் "சைக்கிள் நாள்" தொடங்கியது. கர்நாடக அரசின் நகரப் போக்குவரத்து இயக்குநரகமும், சைக்கிள் ஆர்வலர்களும், குடியிருப்போர் சங்கங்களும் சேர்ந்து நடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சில மணி நேரம் ஒரு சாலையில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். கப்பன் பார்க்கில் ஆரம்பித்தது, பிறகு பல பேட்டைகளுக்குப் போனது. வீட்டு வாசலில் சைக்கிள் விடத் தாய்மார் அனுமதிக்காத குழந்தைகள் அன்று நடுரோட்டில் ஓட்டினார்கள். பார்த்தவர்களுக்கு, நம் ஊர்த் தேரோட்ட நாளில் வீதி முழுவதும் ஜனங்களுக்கே சொந்தமாக இருப்பது நினைவுக்கு வந்திருக்கும்.

ஆனால், பாதை விஷயத்தில் கிடைத்தது குறைவு. 2012-ல் ஜெயநகரில் சாலை ஓரமாகக் கோடு போட்டுச் சைக்கிள் பாதை அமைத்தார்கள். சில மாதங்களில் அந்தப் பாதையில் கார்கள் நின்றன. 2020-ல் வெளிவட்டச் சாலையில் கே.ஆர். புரம் பக்கத்திலிருந்து சில்க் போர்டு வரை சுமார் 17 கிலோமீட்டருக்குச் சைக்கிளுக்கென்று தனித் தடம் ஒதுக்கிக் குட்டைத் தூண்கள் நட்டார்கள். மோட்டார் சைக்கிள்கள் அதில் புகுந்தன. தூண்கள் உடைந்தன. மெட்ரோ ரெயில் வேலை தொடங்கியதும் தடமும் போய்விட்டது.

மைசூரில் 2017-ல் அரசு முயற்சியால் வாடகைச் சைக்கிள் திட்டம் தொடங்கியது. பெயர் "டிரின் டிரின்". 450 சைக்கிள்களுடன் ஆரம்பித்தார்கள். நாம் சின்ன வயதில் முனைக் கடையில் மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்துக் குரங்குப் பெடல் போட்டோமே, அதுதான் இது. கடைக்காரருக்குப் பதில் அட்டை! அப்பா பெயரைச் சொன்னால் போதும் என்பது மட்டும் இதில் நடக்காது.

சைக்கிள் பாதை வேண்டும் என்று சங்கத்தார் மனுக் கொடுக்கும்போது அதிகாரிகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்தச் சாலையில் எத்தனை சைக்கிள் போகிறது என்பதுதான் அது. காலை 7 மணிக்கு நின்று எண்ணினால் பத்து பேர் போவார்கள். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்களையும், விடியற்காலை 4 மணிக்குப் பால் பூத்துக்குப் போகிறவர்களையும் எண்ணினால்தான் உண்மைக் கணக்கு வரும். அவர்களை எண்ண வேண்டுமானால் அவர்களைத் தெரிந்திருக்க வேண்டும். வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் சங்கத்துக்குள் வராத வரைக்கும், சங்கம் கேட்கும் பாதை பொழுதுபோக்குக்காரர்களின் கோரிக்கையாகவே கோப்பில் கிடக்கும். சோற்றுக்காக மிதிக்கிறவன் கேட்டால் அதன் பலமே வேறு.

சிவப்பு விளக்கு

பாதை இல்லாததன் விலை உயிர்.

2022-ம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 4,800-க்கும் மேற்பட்டவர்கள் சைக்கிளில் போனவர்கள். சைக்கிள்காரன் யாரையும் மோதிக் கொல்வது அரிது. அவன் மேல்தான் மோதுகிறார்கள்.

இருட்டில் பின்னால் வரும் லாரிக்காரருக்குச் சைக்கிள் தெரிவதில்லை. கருப்பு மட்கார்டு, கருப்புக் காரியர், மங்கிய சட்டை. டைனமோ காலத்திலாவது முன்விளக்கு இருந்தது. இப்போதைய சைக்கிள்கள் பலவற்றில் அதுவும் இல்லை.

லக்னோ நகரில் 2020-ம் ஆண்டு டிசம்பரில் மூடுபனியில் சைக்கிளில் போன முதியவர் ஒருவர் கார் மோதி இறந்தார். அவருடைய பேத்தி சும்மா இருக்கவில்லை. சாலையோரத்தில் நின்று, விளக்கில்லாமல் போகிற சைக்கிள்களை நிறுத்தி, பின்னால் சிவப்பு விளக்கை இலவசமாகப் பொருத்த ஆரம்பித்தார். நூற்றுக்கணக்கான சைக்கிள்களில் பொருத்திவிட்டார்.

ஒரு பெண் செய்ததை, நூறு உறுப்பினர் உள்ள சங்கம் செய்வது பெரிய காரியம் அல்ல. தொழிலாளர்களின் சைக்கிள்களில் பிரதிபலிக்கும் ஒட்டுத்தாள் ஒட்டும் வேலையைப் பல ஊர்களில் தொண்டர்கள் செய்கிறார்கள். செலவு சில ரூபாய்கள். லட்ச ரூபாய்க்குச் சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு இது ஒரு தோசைக் காசு. ஞாயிற்றுக்கிழமை சவாரியில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, அந்தக் காலையில் ஒரு தொழிற்பேட்டை வாசலில் நின்று ஒட்டினால் இரண்டு வகைச் சைக்கிள்காரர்களும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ள ஒரு சந்தர்ப்பமும் கிடைக்கும்.

புதுக்கோட்டைப் பெண்கள்

சைக்கிளைக் கொண்டு ஊருக்கு நல்லது செய்ய முடியுமா என்று யாராவது கேட்டால், நாம் புதுக்கோட்டையைக் காட்டலாம்.

1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் பெண் தொண்டர்கள் கிராமம் கிராமமாகப் போக வேண்டும். பஸ்ஸை நம்பினால் ஆகாது. ஆகவே, எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், ஆயாக்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஊரில் கேலி பேசாமல் இல்லை. பேசியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். பெண்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். பெண்கள் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோய், ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையும் வாங்கினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது அதில் ஒரு வசதி. தண்ணீர்க் குடம் காரியரில் ஏறியது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமானது. அப்பனையோ அண்ணனையோ புருஷனையோ கூப்பிட வேண்டியதில்லை என்று ஆயிற்று.

இன்று பெங்களூர்ச் சங்கங்களில் பெண்களுக்கென்று தனிச் சவாரி நடக்கிறது. ஐம்பது வயதில் முதல் முறையாகச் சைக்கிள் பழகுகிறவர்களும் இருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால், வீட்டு வேலைக்கு மூன்று மைல் நடந்து போகும் பெண்களுக்கு ஒரு சங்கம் சைக்கிள் பழக்கிக்கொடுத்தால் புதுக்கோட்டையின் பக்கத்தில் வைத்துப் பேசலாம். அவர்களுக்கு நேரம்தான் கூலி.

மாடிப்படி மூலையில் நிற்கும் சைக்கிள்

3-6-2020 அன்று உலக சைக்கிள் தினம். அன்றுதான் அட்லஸ் சைக்கிள் கம்பெனியின் சாகிபாபாத் தொழிற்சாலை நின்றது. வேலைக்கு வந்த தொழிலாளிகள் கேட்டில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துவிட்டுத் திரும்பினார்கள். 1951-ல் தொடங்கிய கம்பெனி அது. நம் அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. நிறுவனத்தின் ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. என்னும் பெயர்கள் இன்றும் கடைகளில் இருக்கின்றன. சைக்கிளுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22-ந் தேதியிலிருந்து அது 5 சதவீதமாகக் குறைந்தது.

புதிய சைக்கிள் வாங்க முடியாதவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. பெங்களூர் அடுக்கு மாடிக் கட்டடங்களின் கீழ்த்தளங்களில் தூசி படிந்து நிற்கும் சைக்கிள்களுக்குக் கணக்கே இல்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், சைக்கிள் நின்றுவிட்டது. அப்படிப்பட்டவற்றைக் கேட்டு வாங்கி, கோட்டம் எடுத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, டியூப் மாற்றி, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் வேலையைப் பல ஊர்களில் சைக்கிள் ஆர்வலர்கள் செய்கிறார்கள். உங்கள் கட்டடத்தில் காவல் வேலை பார்க்கிறவரைக் கேட்டால் எந்தச் சைக்கிள் எத்தனை வருஷமாக நிற்கிறது என்று சொல்லிவிடுவார். அவரே அதில் ஒன்றுக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருக்கவும் கூடும்.

நம் பேட்டைகளில் பழைய சைக்கிள் கடைக்காரர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். சக்கரத்தைத் தொங்கவிட்டுச் சுற்றி, கண்ணால் பார்த்தே போக்ஸ் கம்பியை முறுக்கிக் கோட்டம் எடுக்கும் கை அவர்களுடையது. லட்ச ரூபாய்ச் சைக்கிள்காரர்களும் அந்தக் கையைத் தேடி வருகிறார்கள். அந்த வட்டாரத்தில் எந்தச் சங்கம் எந்த நாளில் எங்கே கூடுகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சேருவதற்குப் பெரிய நிபந்தனை எதுவும் இல்லை. பெரும்பாலான சங்கங்களில் சந்தா கிடையாது. கியர் வைத்த சைக்கிள்தான் வேண்டும் என்றும் இல்லை. முதல் தடவை போகிறவர்கள் 20 கிலோமீட்டர் சவாரி எப்போது என்று கேட்டுப் போனால் போதும். தலைக்கவசம் கட்டாயம் கேட்பார்கள். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு தண்ணீர்ப் பாட்டில், இட்லிக்குச் சில்லறை. டயரில் காற்று இருக்கிறதா என்று முதல் நாள் இரவே பார்த்துவிட வேண்டும். காலை 5½ மணிக்கு எந்தப் பங்சர் கடையும் திறந்திருக்காது.